ஏழாவது உறுப்பினர்

மூன்றாவது தடவையாக எங்கள் ஏழாவது ஆள் ஓடிப்போய்விட்டார்.

சபையைப் பதிவு செய்ய ஏழு கையெழுத்து வேண்டும் என்பது சட்டம். நாங்கள் ஆறு பேர் ராசிபுரம் நெய் மண்டியின் மாடியில் உட்கார்ந்து, காகிதத்தில் காலியாகக் கிடந்த ஏழாவது வரியை இழவு வீட்டில் பிணத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தோம். வெளியே நாலு நாளாக விடாத தூறல்.

காரியதரிசி நான்தான். தாலுகா கச்சேரியில் முப்பது வருஷம் எழுதித் தேய்ந்து, அந்த ஆடியில்தான் பென்ஷனில் வந்திருந்தேன். கை அரித்தது. கூத்துக் கலையை வளர்க்க ஒரு சபை வேண்டும் என்று கிளப்பிவிட்டேன். நூற்றெட்டு விதிகளும் எழுதினேன்.

ஏழாவது ஆளாக முதலில் வந்த பச்சமுத்து, மைத்துனர் பெயருக்குக் கீழே தன் பெயர் வந்ததைப் பார்த்து வெற்றிலைத் தட்டைக் கவிழ்த்துவிட்டுப் போனார். அடுத்தவர் நூற்றெட்டு விதிகளையும் காதால் கேட்டு, மறுநாளே மேட்டூரில் அணை கட்டப் போய்விட்டார். கல் சுமப்பது அதைவிடச் சுலபமாம். மூன்றாமவர் அன்று காலைதான் ஆள் அனுப்பியிருந்தார்: "ஊட்டுல வேண்டாங்கறாங்க."

மறுநாள் முதல் பஸ்ஸில் விண்ணப்பம் சேலம் போயாக வேண்டும். மாதக் கடைசிக்குள் சபை பதிவானால், நாமக்கல் ரோட்டில் இருந்த தன் காலி மனையைக் கூத்து மேடைக்குத் தருவதாக மண்டிக்காரர் வாக்குக் கொடுத்திருந்தார். தவறினால் அங்கே எருமை கட்டுவதாகவும் வாக்குக் கொடுத்திருந்தார்.

கீழே, மாடிப்படிக்கு எட்ட, தூறலில் அம்மாசி நின்றிருந்தான்.

எந்தக் கூத்தை வளர்க்கச் சபை வைத்தோமோ, அந்தக் கூத்துக்கு வாத்தியார் அவன். அவன் ராஜா வேஷம் கட்டிக் குரல் எடுத்தால் ஆத்தூர் வரைக்கும் தென்னையிலிருந்து இளநீர் உதிரும். நானே பொறுக்கியிருக்கிறேன். சபையில் சேரக் கையெழுத்துப் போடத் தெரிய வேண்டும் என்று கேள்விப்பட்டு, ஐம்பத்தைந்து வயதில் எழுத்துக் கற்றுக்கொண்டான். நாலு மாதமாக ஒவ்வொரு கூட்டத்துக்கும் வந்து, கூப்பிடுவார்கள் என்று அப்படித்தான் நின்றான்.

"அவரையே சேத்துக்கிட்டா என்னங்க? கூத்தே அவருதுதானுங்களே," என்றார் கம்பவுண்டர் தோமினிக்.

தலைவர் குமாரசாமி வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவினார். ஒரு வீட்டுச் சுவருக்கே போதும், அத்தனை சுண்ணாம்பு.

"சேத்தலாமுங்க கம்பவுண்டரே. அவனுக்குப் பக்கத்து நாற்காலி உங்குளுதுங்களா?"

தோமினிக் தன் குடையைப் பார்த்துக்கொண்டார்.

அப்போதுதான் எனக்கு அந்த அபாரமான யோசனை உதித்தது. ஆள் கிடைக்காவிட்டால் என்ன, உண்டாக்கிவிட்டால் போகிறது!

"சரவணமுத்து," என்றேன்.

ஐந்தே நிமிடத்தில் சரவணமுத்துவுக்கு வயது ஐம்பத்திரண்டு, ஊர் ஆட்டையாம்பட்டி, தொழில் பட்டு வியாபாரம் என்று ஆயிற்று. ஒருவர் மீசை வைத்தார். ஒருவர் மூட்டுவலி கொடுத்தார். இருக்கட்டும் என்று நான் ஒரு பங்காளித் தகராறும் சேர்த்தேன். ஆறு பேரும் மாடி அதிரச் சிரித்தோம். நாலு மாதத்தில் சபை ஒருமனதாகச் செய்த முதல் காரியம் அதுதான்.

கையெழுத்துதான் இடித்தது. பத்திரம் பத்திரமாகப் போட்டுப் போட்டு, எங்கள் ஆறு பேர் கையெழுத்தும் பதிவு ஆபீஸில் அத்தனை பேருக்கும் மனப்பாடம். ஏழாவது கை யாரும் பார்த்திராத கையாக இருக்க வேண்டும்.

ஆறு பேரும் ஒன்றாக ஜன்னல் வழியே கீழே பார்த்தோம்.

"அம்மாசி, மேல வா," என்று தலைவர் கூப்பிட்டார்.

"வாரேனுங்க சாமி!"

படியில் அவன் கால் படவே இல்லை என்று சத்தியம் செய்வேன். வாசற்படிக்கு வந்ததும் நின்றான். தோளில் கிடந்த துண்டு இடுப்புக்குப் போயிருந்தது. ஈரக் கையை வேட்டியில் மூன்று முறை துடைத்தான்.

காகிதத்தை வாசற்படிமேல் வைத்தேன். பேனாவை அதன்மேல் உருட்டிவிட்டேன். அவன் முழங்காலிட்டுக் குனிந்தான்.

"இரு, இரு," என்றார் தலைவர். "உம்பேரு இல்ல. இந்தச் சீட்டுல இருக்கறதைப் பாத்து எழுது."

சரவணமுத்து என்று நான் எழுதிப் போட்ட சீட்டை அம்மாசி பார்த்தான். எழுத்துக் கூட்டினான். உதடு மட்டும் அசைந்தது. வெகுநேரம் அசைந்தது.

பிறகு எழுதினான். அதற்குமேல் இருந்த எங்கள் ஆறு கையெழுத்தும் கோழி கிளறியதுபோல ஆகும்படி, அத்தனை அழகாக எழுதினான்.

"இவருக்குக் கூத்துத் தெரியுமுங்களா சாமி?"

ஒரு நொடி கொடுத்தால் ஒன்பது பொய் சொல்லக்கூடியவன் நான். காகிதத்தில் மை காய்ந்துவிட்டதா என்று குனிந்து பார்த்தேன்.

அவன் எழுந்து, பேனாவை இரண்டு கையாலும் ஏந்தி என்னிடம் நீட்டினான். பென்ஷன் ஆன அன்று கச்சேரியில் எனக்கு மாலை போட்டுக் கொடுத்த பேனா. வாங்கக் கை நீட்டினேன். தலைவர் தொண்டையைச் செருமினார்.

"நீயே வெச்சுக்க அம்மாசி," என்றேன்.

அவன் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். சபை தனக்குப் பரிசு கொடுத்திருப்பதாகக் கீழே யாரிடமோ சொல்லிக்கொண்டு போனது எங்கள் எல்லோருக்கும் கேட்டது.

காகிதத்தை மட்டும் எடுத்துப் பத்திரமாக மடித்து வைத்தேன். அது காலையில் சேலம் போக வேண்டியது.

தலைவர் ஒரு குடம் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். வாசற்படியில் அதை நான்தான் ஊற்றினேன்.