கலக்க விதைத்த வயல்

"என்ன மாமா, உங்க வயல்ல ஒரு செடிக்கும் அடுத்த செடிக்கும் பேச்சுவார்த்தையே இல்லையா?"

வரப்பில் நின்று கேட்டான் மச்சினன். எள் வயலில் களை எடுத்துக்கொண்டிருந்த அவனுடைய அக்கா புருஷன் நிமிர்ந்து சிரித்தார். கையில் இருந்த விதை அவ்வளவுதான், மணலைக் கூடுதலாகக் கலந்து தூவிவிட்டேன் என்றார்.

"விதையிலயே கஞ்சத்தனம் பார்த்தா எப்படி? என் வயலைப் பாருங்க, எள்ளு போட்டா எள்ளு விழாது."

இருவரும் அடுத்தடுத்த வயல்களைக் குத்தகைக்கு எடுத்தவர்கள். யார் வயலில் அதிகம் விளைகிறதோ அவருக்கே அடுத்த போகத்திலிருந்து இரண்டு வயலும் என்று நிலத்துக்காரம்மா சொல்லிவிட்டார். தோற்றவர் வேறு பிழைப்புத் தேட வேண்டும். அக்காவுக்குத்தான் சோறு இறங்கவில்லை. ஒரு பக்கம் புருஷன், மறுபக்கம் கூடப் பிறந்தவன். கடவுளிடம் யாருக்காக வேண்டுவது என்றே அவளுக்குத் தெரியவில்லை.

தன் செடிகள் தாராளமாகக் கிளை விடுவதைப் பார்த்ததும், நீயும் பாதியைப் பிடுங்கி இடைவெளி உண்டாக்கு என்று மாமா சொல்லிப் பார்த்தார். தன்னைக் கவிழ்க்கப் பார்க்கிறார் என்று நினைத்துக்கொண்டான் மச்சினன். முளைத்ததைப் பிடுங்க அவனுக்கு மனமும் வரவில்லை.

பிறகு மழை ஏமாற்றியது. நெருக்கி நின்ற செடிகள் வெளிச்சத்துக்குப் போட்டி போட்டுக் குச்சி குச்சியாய் வளர்ந்தன. இருந்த கொஞ்ச ஈரத்தையும் ஒன்றின் வாயிலிருந்து ஒன்று பிடுங்கிக் குடித்து, உச்சியில் நாலு காயோடு வாடிப்போயின. மாமாவின் செடிகளோ அடியிலிருந்தே கிளை பிரிந்து, கிளையெல்லாம் காயாக நின்றன.

களத்தில் உலுக்கி அளந்தபோது மாமாவின் எள் மச்சினனுடையதைப் போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு இருந்தது.

"இடம் விட்டுக் கலக்க விதைச்சா களஞ்சியம் நிறையும்னு சும்மாவா சொன்னாங்க?" என்ற நிலத்துக்காரம்மா, இனி இரண்டு வயலையும் அவரே பார்த்துக்கொள்ளட்டும் என்றார்.

மாமா தலையைச் சொறிந்தார். தனக்கு ஒரு வயல் போதும், மற்றது மச்சினனிடமே இருக்கட்டும் என்று கேட்டுக்கொண்டார். அந்தம்மா அவரை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, சரி என்று கிளம்பினார். அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு எள் கூட்ட ஆரம்பித்தாள்.

மச்சினன் மெல்ல அருகில் வந்தான்.

"எதுக்கு மாமா விட்டுக்கொடுத்தீங்க? பாவம் பார்த்தா?"

"பாவமும் இல்லை, புண்ணியமும் இல்லை. நியாயமாப் பார்த்தா இந்த விளைச்சல்ல உனக்கும் பங்கு இருக்கு."

அவன் விழித்தான். அக்காவின் காதில் விழாதபடி மாமா குரலைத் தாழ்த்தினார்.

"விதைப்புக்கு முதல் நாள் என் விதையில பாதியை நீ அள்ளிட்டுப் போகாம இருந்திருந்தா, நானும் உன்னை மாதிரிதாண்டா நெருக்கி விதைச்சிருப்பேன்."