வேகத்தடையில் ஓர் அடுப்பு

காரின் பின்னால் டிரெய்லரை மாட்டும் இழுவைக் குண்டு சின்னது, அதைக் கவ்வும் டிரெய்லரின் கொண்டி வாயோ பெரியது. இடைவெளிக்குப் பிஸ்கட் டின் தகட்டைச் சுற்றிச் சமாளித்த, காரோட்டி வந்த கணவரின் சொந்தப் பொறியியல், முதல் வேகத்தடையிலேயே பல்லிளித்துவிட்டது. மனைவி தொடங்கப்போகும் பேக்கரிக்கான ஒரே அடுப்பைச் சுமந்தபடி, டிரெய்லர் மூக்கைத் தார்ச்சாலையில் ஊன்றி, காரோடு பிணைத்த காவல் சங்கிலியின் புண்ணியத்தில் நிற்கிறது. அடுப்பின் கண்ணாடிக் கதவில் பட்ட காலை வெயில் நேராக அவர் வழுக்கையில் விழுகிறது. மனைவியின் அண்ணன் பெரிய குண்டோடு வந்து, அதைக் காரில் மாட்டி, உடம்பையெல்லாம் ஸ்பேனரில் சாய்த்து முறுக்குகிறார். "தகட்டுக்கு மேல கொஞ்சம் கோந்தும் தடவியிருக்கலாமே மாப்ள?" அடுப்பைக் கட்டிய கயிற்றை விடாமல் பிடித்தபடியே மனைவி சிரிக்கிறாள். ஜாக்கியில் தூக்கிய கொண்டி குண்டின்மேல் இறங்கி, டக்கென்று பூட்டிக்கொள்கிறது. "இப்ப தாங்குமா மச்சான்?" "எதை, உங்க மூளையையா?" மச்சான் டிரெய்லரின் மூக்குக்கடியில் மறுபடியும் ஜாக்கியை வைத்துச் சுற்றுகிறார். கொண்டி கழன்று வரவில்லை. காரின் பின்பக்கமே அதோடு சேர்ந்து, சோம்பல் முறிப்பதுபோல் மெல்ல எழும்புகிறது. "விளையாடாதீங்க மச்சான். அவ அடுப்பு முழுசாப் போய்ச் சேருமா?" மச்சான் ஜாக்கியை இறக்கிவிட்டு, கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொள்கிறார். "சேரும் மாப்ள. நான் பின்னாடி வரத் தேவையில்ல."