ஏழு கிலோப் பை

"உங்கட தராசு பிழை, தம்பி" என்றாள் அன்ரோனெற்.

கட்டுநாயக்கா விமான நிலையத்தில் ஒரு மலிவு விமானக் கொம்பனியின் கவுண்டர். தராசில் அவளுடைய பை குந்தியிருந்தது. கையோடு கொண்டுபோக விடுவது ஏழு கிலோ. திரையில் எரிந்ததோ எட்டுக் கிலோ இருநூறு.

கவுண்டரில் இருந்த முனவ்வர் பொறுமையான பெடியன். "தராசு சரி அம்மா. கூடினதுக்குப் பதினெட்டாயிரம் ரூபா கட்டுங்கோ, இல்லாட்டிச் சாமானைக் குறையுங்கோ. இன்னும் இருவது நிமிசத்தில கவுண்டர் மூடிப்போடுவம்."

பதினெட்டாயிரத்துக்கு அவள் எங்கே போவாள்? முன்னால் கவுண்டர், பின்னால் முப்பது பேர் வரிசை, இரண்டு பக்கமும் நாடா கட்டிய கம்பிகள். கொண்டுவந்து விட்ட வான் ஊருக்கு, அரிப்புக் கிராமத்துக்குத் திரும்பிப் பாதி வழி போயிருக்கும். ஒரு சாமானை வெளியே எடுத்தால் வாங்கி வைக்க ஒரு நாதியில்லை.

நாளைக்கு விடிய டோகாவில் மகள் டினோஜாவுக்கு வயிற்றைக் கீறிப் பிள்ளை எடுக்கத் திகதி குறித்தாயிற்று. மருமகன் கப்பலில். இந்த விமானத்தை விட்டால் டினோஜா தன்னந்தனியாய்த்தான் கட்டிலில் கிடக்கும்.

"நான் நேற்று நிறுத்துப் பாத்தனான். சரியா ஏழு. கண்டவன் தராசிலயும் நிறுக்கேல்ல" என்றாள்.

அது உண்மைதான். கரையில் மீன் வாங்கும் முதலாளி லெம்பேட் சம்மாட்டியின் வாடியில், அந்த மீன் கொட்டில் தராசில் நிறுத்தாள். அவள் புருசன் எமிலியானுஸ் பதினெட்டு வருசமாய்ப் பிடிக்கிற மீனையெல்லாம் அந்தத் தராசில்தான் போடுகிறான். சம்மாட்டி டினோஜாவுக்கு ஞானத்தகப்பன். அவருக்குப் போடாமல் வேறு யாருக்குப் போடுவது? போதாததற்கு, "பிள்ளைக்குக் குடுங்கோ" என்று பெரிய பொதியாய் அறுக்குளாக் கருவாடும் கட்டித் தந்திருந்தார்.

நேற்று அந்தத் தராசு ஒரு களவையும் பிடித்துக் கொடுத்தது. சந்திக்கடைப் பக்கீர் நானா ஒரு கிலோ என்று கட்டித் தந்த அரிசிமாப் பக்கற்றைத் தனியாக வைத்துப் பார்த்தாள். எண்ணூற்றைம்பது கிராம்தான் காட்டியது.

"பாத்தால் பசு, பாய்ஞ்சால் புலி. மாவில நூற்றைம்பது கிராம் அடிச்சுப்போட்டு, சுகமோ தங்கச்சி எண்டு சிரிக்கிறார்" என்று வாடி முழுக்கக் கேட்கும்படி பக்கீர் நானாவைத் திட்டித் தீர்த்தாள்.

சம்மாட்டி அந்தப் பேச்சில் சேரவில்லை. பையை மட்டும் பார்த்துவிட்டு, "எதுக்கும் ஒரு கிலோவைக் குறைச்சுக்கொண்டு போங்கோ தங்கச்சி" என்றார்.

"அவங்கள் ஏழு விடுறாங்கள், நான் ஏன் ஆறு கொண்டு போகவேணும்?" என்று அவள் சிரித்தாள். இப்போது அந்தச் சிரிப்புக்குத்தான் வட்டி கட்டிக்கொண்டு நிற்கிறாள்.

"அம்மா, நேரம் போகுது" என்றான் முனவ்வர். "ஒவ்வொண்டா எடுத்து வையுங்கோ. எது பாரமெண்டு பாப்பம்."

அவள் பையைத் திறந்தாள். பின்னால் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். பிள்ளைப்பெற்றவளுக்கான சரக்குத்தூள், பழைய வெள்ளைத் துணியில் தைத்த சின்னச் சட்டைகள், கருவாட்டுப் பொதி என்று எல்லாம் சபைக்கு வந்தன. வெட்கம் ஒரு பக்கம், அழுகை ஒரு பக்கம். கையில் முதலில் அகப்பட்ட அரிசிமாப் பக்கற்றைத் தராசில் வைத்தாள்.

ஒரு கிலோ. ஒரு கிராம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

"தம்பி, இதைத் திரும்ப ஒருக்கா வை."

முனவ்வர் தூக்கி வைத்தான். ஒரு கிலோ. "அதுதானே பக்கற்றில எழுதியிருக்கு அம்மா" என்றான்.

அன்ரோனெற் பக்கற்றைப் பார்த்தாள். பக்கீர் நானாவின் கோணல் எழுத்து, 1 கிலோ. பிறகு திரையைப் பார்த்தாள். அதற்குப் பிறகு அவள் தராசோடு சண்டை பிடிக்கவில்லை.

மாவைப் பைக்குள் வைத்தாள். சரக்குத்தூளையும் சட்டைகளையும் வைத்தாள். சம்மாட்டியின் கருவாட்டுப் பொதியை மட்டும் தூக்கி, பக்கத்தில் இருந்த குப்பைத் தொட்டிக்குள் போட்டாள்.

"ஆறு தொளாயிரம். சரி அம்மா, போகலாம்" என்று முனவ்வர் கடவுச்சீட்டைத் திருப்பிக் கொடுத்தான்.

அவள் நாடாவைத் தாண்டி வந்து, நடந்தபடியே எமிலியானுஸுக்குப் போன் எடுத்தாள். கரைக் காற்று போனுக்குள் இரைந்தது.

"பை சரி வந்ததோ?" என்று அவன் கத்திக் கேட்டான். "இண்டைக்கு நல்ல மீன்பாடு, அன்ரோனெற். இப்பதான் வாடியில தராசில ஏத்துறம். சம்மாட்டியும் உன்ர பையைப் பற்றித்தான் ரெண்டு தரம் கேட்டுப்போட்டார்."

"இறக்குங்கோ."

"என்னத்தை?"

"அந்த மீனை அப்பிடியே கொண்டுபோய், பக்கீர் நானாட தராசில நிறுங்கோ."