பதினேழாம் வரிசை

எள்ளுச் செடிகளில் காய் எண்ணுவது என் வேலை. நாற்பது ரகம், நாற்பது வரிசை. எது அதிகம் காய்க்கிறது என்று பார்க்கத்தான் இவ்வளவு பாடும். பதினேழாம் வரிசையில் மட்டும் எல்லாச் செடியிலும் இருபத்தெட்டுக் காய் இருந்தது.

"மரத்தடியில உக்காந்து எழுதினீங்களாம்மா?" என்றார் ஆராய்ச்சியாளர். "ஒரு வயித்துப் பிள்ளைங்களே ஒண்ணுபோல இருக்காது."

எனக்குச் சுருக்கென்றது. "நீங்களே எண்ணிப் பாருங்க சார்."

பதினொரு வருஷத்தில் ஒரு காயைக்கூட நான் கூட்டியோ குறைத்தோ எழுதியதில்லை. செய்த தப்பு ஒன்றே ஒன்றுதான். விதைத்த அன்று, அந்த வரிசைப் பொட்டலத்தில் மிஞ்சிய எள்ளைத் திருப்பித் தராமல் வாயில் போட்டு மென்றுவிட்டேன்.

அவர் எண்ணினார். கடைசிச் செடிவரை இருபத்தெட்டு. முதல் செடியிலிருந்து ஒரு காயைப் பறித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போனார்.

மறுநாள் காலை பல் துலக்கும்போது என் கடைவாய்ப்பல் ஒன்று கையோடு வந்தது. வலியும் இல்லை, ரத்தமும் இல்லை.

வயலுக்குப் போய் எண்ணினேன். எல்லாச் செடியிலும் இருபத்தேழு. தரையில் ஒரு காய்கூட விழுந்து கிடக்கவில்லை. வரப்பிலேயே நின்று என் பற்களை நாக்கால் எண்ணினேன். அதே எண்ணிக்கையைத்தான் நோட்டிலும் எழுதினேன்.

ஆராய்ச்சியாளர் வந்தார். "நாளைக்கு அறுப்பு. முதல்ல பதினேழாம் வரிசைய முடிச்சிடுவோம்."

"அதைக் கடைசியா வச்சுக்கலாம் சார்" என்றேன், வாயை அதிகம் திறக்காமல்.