மாஸ்கோ வளையம்

“நீதானே கொன்னே?”

போஸ்ட் மாஸ்டர் மயில்சாமி போட்ட சத்தத்தில், ஸ்டாம்பு வாங்க வந்த இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

“ஆமாங்க சாமி. வலையில உழுந்துச்சுங்க,” என்றான் காளியப்பன். ஏரியில் வலை கட்டி வாத்துப் பிடித்து விற்பவன். அவன் உள்ளங்கையில் ஒரு சின்ன அலுமினிய வளையம். செத்த வாத்தின் காலில் கிடந்ததாம்.

மயில்சாமி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். இங்கிலீஷில் மாஸ்கோ என்று இருந்தது. பக்கத்தில் ஒரு நம்பர்.

“ரசியாவுல இருந்து வந்த பறவையப்பா இது! இதுகளைக் காப்பாத்தோணும்னு அவங்களும் நாமளும் போன வருசந்தான் ஒப்பந்தம் போட்டிருக்கோம். அத்தனை மலையைத் தாண்டி வந்ததை, நீ கழுத்தைத் திருகிப் போட்டுட்டு வந்து நிக்கறே. வெக்கமா இல்லே?”

காளியப்பன் தலையைக் குனிந்துகொண்டான்.

“இங்கே எதுக்குக் கொண்டாந்தே? காசு குடுப்பாங்கன்னா?”

“இல்லீங்க. நம்பரெல்லாம் போட்டு உட்டிருக்காங்க. திரும்பி வரலைன்னா தேடுவாங்கல்லீங்க? ஒரு கடுதாசி எழுதிப் போடுங்க சாமி.”

“எப்படிச் செத்துதுன்னு எழுதறது?”

“நாந்தான் கொன்னேன்னு எழுதுங்க. பொய் எழுதறதுக்கு எழுதாமயே இருக்கலாமுங்க.”

எழுதினார். காளியப்பன் கைநாட்டு வைத்துவிட்டுப் போனான்.

அவன் போனதும் மயில்சாமி இன்னொரு கடிதமும் எழுதினார். அது காட்டு இலாகா ரேஞ்சருக்கு.

மூன்றாம் நாள் ஜீப் வந்தது. குடிசை வாசலிலேயே வலைகளைக் கொளுத்தினார்கள். காளியப்பனுக்கு ஆறு மாதம் ஜெயில். அவன் பெண்டாட்டி பொன்னாயி கல் உடைக்கப் போனாள்.

“பாவம், கடுதாசி போட வந்தவனைப் பிடிச்சுக் குடுத்துட்டீங்களே,” என்று ஊரில் ஒருவர் கேட்டார்.

“சட்டம்னா எல்லாருக்கும் சட்டந்தான்,” என்றார் மயில்சாமி.

காளியப்பன் ஜெயிலில் இருக்கும்போதே, ஏப்ரல் கடைசியில், மாஸ்கோவிலிருந்து இங்கிலீஷில் பதில் வந்தது. முதல் வரியே, ‘அன்புள்ள திரு. காளியப்பன் அவர்களுக்கு.’

‘அந்த வாத்து குஞ்சாக இருந்தபோது நாங்கள்தான் வளையம் போட்டோம். நான்கு வருடமாக ஒரு தகவலும் இல்லை. கொன்றவர்கள் பயந்துபோய் வளையத்தை எறிந்துவிடுகிறார்கள். அதனால் இவை எங்கே போகின்றன, எங்கே சாகின்றன என்பதே எங்களுக்குத் தெரிவதில்லை. உண்மையை எழுதியதற்கு நன்றி. இரண்டு நாடும் சேர்ந்து காக்க வேண்டிய ஏரிகளில் உங்கள் ஏரியையும் சேர்க்கும்படி கேட்டிருக்கிறோம்.’

மயில்சாமி இரண்டு தடவை படித்தார். இனிமேல் இந்த ஊரில் எவன் வளையம் கொண்டு வருவான் என்று நினைத்தபோது அவரால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. கடிதத்தை எடுத்துக்கொண்டு நேரே காளியப்பன் குடிசைக்குப் போனார்.

பொன்னாயி அப்போதுதான் வேலையிலிருந்து வந்திருந்தாள். தலைமுடியெல்லாம் கல் தூசி. அவர் தமிழில் சொல்லச் சொல்ல நின்றபடியே கேட்டாள். அழவில்லை.

“ரேஞ்சர்கிட்ட நானே போய்ப் பேசறேன், பொன்னாயி. எப்படியாச்சும் உடச் சொல்றேன்.”

“அவரு புடிச்ச அன்னைக்கே உட்டர்றேன்னாருங்க. வாத்தை யாருக்கு வித்தேன்னு பேரைச் சொன்னாப் போதும்னாரு. வாங்கினவங்க மேலயும் கேசாமுங்க. எங்கூட்டுக்காரருதான் கடைசி வரைக்கும் வாயே தெறக்கலீங்க.”

மயில்சாமிக்குக் கோபம் வந்தது.

“ஏன்? எந்தப் பெரிய மனுசனுக்குப் பயந்துட்டு?”

பொன்னாயி கடிதத்தை வாங்கி, கசங்காமல் மடித்து முந்தானையில் முடிந்துகொண்டாள்.

“பயமில்லீங்க சாமி. கவருமெண்டு உத்தியோகத்துல இருக்கறவருக்கு வேலை போயிருமேன்னுதானுங்க சொல்லலை. அதை வாங்கிக் கொழம்பு வெச்சது உங்க ஊட்டம்மாதானுங்களே.”