கொழுத்த சிப்பாய்

"கிருபா சித்தி, இது நாயா, பன்னியா?"

ஆல்வின் கேட்டதில் தப்பில்லை. ராஜபாளையம் நாய் என்றால் வயிறு ஒட்டியிருக்கணும். கிருபாபாய் வளர்த்த சிப்பாய்க்கு வயிறு தரையைத் தொட்டது.

"சிப்பாயாம்! கேன்டீன்ல திருடித் தின்ன சிப்பாய்."

தெருவே சிரித்தது. கிருபாபாய் நாய்ச்சோற்றில் இன்னொரு கரண்டி நெய்யை ஊற்றினாள்.

"புருசன் இருந்த காலத்துல அவருக்குக்கூட இப்படி ஊத்தலையே," என்றாள் எதிர்வீட்டுத் தங்கபாய்.

"அவிய வாலாட்டலையே."

பக்கத்து வீட்டு ஆல்வின் நாய்ப் போட்டிகளுக்கென்றே நாய் வளர்க்கிறவன். நல்லவன்தான். ஆனால் அடுத்தவன் நாயைத் திருத்தாவிட்டால் அவனுக்குத் தூக்கம் வராது.

மகள் பேறுகாலத்துக்கு கிருபாபாய் திருப்பூர் போனாள். நாயை ஆல்வினிடம்தான் விட்டாள். வேறு ஆள் இல்லை.

"ஏலே, சோத்தை மட்டும் கொறைச்சிராத. இளைச்சா செத்துப் போகும்."

"இளைச்சுச் செத்த ராஜபாளையம் நாயை எங்க சித்தி பாத்தீக?"

பஸ் கிளம்பியதும் நெய்யை நிறுத்தினான். சோறு ஒரு வேளைதான். காலையும் மாலையும் ஸ்ரீவில்லிபுத்தூர் ரோட்டில் பைக்குக்குப் பின்னால் ஓட்டம்.

அவள் திரும்பி வந்தபோது சிப்பாய் வில் மாதிரி நின்றது.

"எப்படி சித்தி?"

கிருபாபாய் நாயின் விலா எலும்பைத் தடவிப் பார்த்தாள். அழுதாள்.

"என்ன காரியம்லே பண்ணிட்ட, பாவி!"

"நன்றி கெட்ட பொம்பளை," என்றாள் தங்கபாய், காதில் விழும்படி.

மறுநாள் சிப்பாய்க்குக் கால் நடுங்கியது. சாயங்காலம் வலிப்பு. ஆல்வின்தான் மாட்டாஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினான். கிருபாபாய் பின்னாலேயே வந்தாள்.

டாக்டர் யுவராணி ஊசி போட்டுவிட்டு நிமிர்ந்தார். "யார் இதை இளைக்க வச்சது?"

"நான்தான் மேடம். உடம்புக்கு நல்லதுன்னு..."

"போன வருசம் இது விஷம் ஏறின கோழிகளைப் பிடிச்சுத் தின்னுருச்சு. அந்தக் கோழிக கொத்தினது மருந்து தடவின பழைய விதை. பென்சீன்ல குளோரினை நிறைய ஏத்தின மருந்து. குளோரின் கூடக்கூட உடம்பால அதை உடைக்க முடியாது. ஈரல் கொஞ்சங்கொஞ்சமாத்தான் கழிக்கும். அதுவரைக்கும் கொழுப்புல பதுங்கிக் கிடக்கும். கிடக்கட்டும்னு நான்தான் கொழுக்க வைக்கச் சொன்னேன். நீங்க கொழுப்பைக் கரைச்சிட்டீங்க. அதுல இருந்தது ரத்தத்துல இறங்கி மூளைக்குப் போயிருச்சு."

ஆல்வினுக்கு முகம் வெளுத்தது. "பிழைச்சிருமா?"

"விடியட்டும், சொல்றேன்."

"இதை எங்கிட்டச் சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல சித்தி?"

கிருபாபாய் நாயின் வாயில் வழிந்த நுரையைத் துடைத்தாள்.

"எங்கிட்டயே முழுசாச் சொல்லலை," என்றார் டாக்டர். "தடை பண்ணின மருந்து அது. யார் வச்சிருந்தாங்கன்னு கேட்டேன். கேஸ் ஆகிரும்னு வாயைத் திறக்கலை."

டாக்டர் அடுத்த ஊசி எடுக்க உள்ளே போனார்.

"எவன் சித்தி அவன்? பேரைச் சொல்லுங்க! இப்பவே அவனைப் போலீசுல பிடிச்சுக் குடுக்கேன்!"

கிருபாபாய் உள் கதவைப் பார்த்தாள்.

"மெதுவாப் பேசுலே. கோழிக கொத்தினது உங்கப்பா விதைக்கடைச் சாக்குலதான்."