ஒழுகாத செவ்வாய்க்கிழமை

வாளிகள் போதவில்லை என்று அம்மா சூப் கிண்ணங்களையும் கொண்டுவந்து மாடி நடையில் வரிசையாக வைத்தாள்.

அன்று மழை இல்லை. அதனால் ஒவ்வொன்றிலும் அவளே கொஞ்சம் தண்ணீர் ஊற்றினாள்.

"இது பொய் இல்லையா, ஈனிட்?" என்றார் அப்பா. அவர் ஊர்ப் போதகர். கேட்க வேண்டியது அவர் கடமை.

"போன வியாழக்கிழமை இதே எடத்துல இருந்த தண்ணிதான். வர்றவருக்கு அதைக் கொஞ்சம் ஞாபகப்படுத்துறேன், அவ்வளவுதான்."

பதினோரு மணிக்குப் பேராயர் அலுவலகத்திலிருந்து லம்லி என்பவர் வீட்டைப் பார்வையிட வருகிறார். போதகருக்கென்று சபை தந்திருக்கும் இந்தக் குருமனை இனிக் குடியிருக்க லாயக்கில்லை என்று அவர் எழுதிவிட்டால் போதும். இதை விற்றுவிட்டுப் பழத்தோட்டத்து மூலையில் புது வீடு கட்டித் தருவார்கள். குழாயைத் திறந்தால் வெந்நீர் வரும் வீடு.

பன்னிரண்டு வருஷமாக, நவம்பர் குளிரில் வீங்கி வெடிக்கும் அம்மாவின் விரல்கள் ஏப்ரலில்தான் ஆறுகின்றன.

புது வீட்டின் வரைபடம் முன்பே வந்திருந்தது. மூன்று படுக்கையறைகள். ஒன்று அப்பா அம்மாவுக்கு. ஒன்று எப்போதாவது வரக்கூடிய விருந்தாளிப் போதகருக்கு. ஒன்று எனக்கும் ஹெஸ்டர் அத்தைக்கும். அத்தை தூக்கத்தில் வேதாகமத்துச் சங்கீதம் சொல்வாள். அதுவும் வசனம் மாற்றி.

இங்கே எனக்கு மாடிக்கும் மேலே ஓர் அறை உண்டு. பள்ளியை விட்டு நின்றதிலிருந்து அதில்தான் இருக்கிறேன். அத்தனை குளிர். ஒருவரும் ஏறி வரமாட்டார்கள். எனக்கு அது போதும்.

அம்மா எல்லாக் கணப்புகளையும் அணைத்தாள். அத்தையை இருமிக் காட்டச் சொன்னாள். "இன்னும் கொஞ்சம் நெஞ்சிலேர்ந்து வரட்டும், ஹெஸ்டர்" என்றாள்.

ஒன்பதரைக்குப் பின்கதவு திறந்தது. தட்டவில்லை; குருமனைக் கதவை யாரும் தட்டுவதில்லை.

தபாலாபீஸ் தாக்ஸ்டரம்மா நின்றாள். அவளுக்குப் பின்னால் சபைப் பெண்கள் பதினொரு பேர். கையில் துடைப்பம், கம்பளம், கரிக்கூடை.

"ஏம்மா, பேராயர் ஆளு வர்ற நாளும் அதுவுமா வீட்டை இப்படியா போட்டு வைப்பீங்க? எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? போதகர் மானம் போனா எங்க மானம் போகாதா?"

அம்மா விலகி வழிவிட்டாள்.

அவர்களுடைய தாத்தாக்கள் கல் சுமந்து கட்டிய வீடு. அது பிடிக்கவில்லை என்று போதகரின் மனைவி சொல்லிவிட்டு அந்த ஊரில் இருக்க முடியாது.

நாலு வருஷமாகக் கூரை ஒழுகுகிறது. அப்பா யாரிடமும் கேட்டதில்லை. கேட்காததால் யாரும் பார்த்ததில்லை. இன்றைக்கு மூன்று ஆண்கள் தங்கள் கொட்டகை ஓடுகளைப் பிடுங்கிக்கொண்டு வந்து எங்கள் கூரைமேல் ஏறிவிட்டார்கள்.

பதினேழு அறைகளிலும் கணப்பு எரிந்தது. பதினேழு அறைகளும் ஒரே நேரத்தில் சூடாக இருந்து நான் பார்த்ததே இல்லை. சூப் கிண்ணங்கள் அலமாரிக்குப் போயின. வாளிகளில் சாமந்திப்பூ வந்து உட்கார்ந்தது.

லம்லி முதலில் மேல்கோட்டைக் கழற்றினார். அப்புறம் கழுத்துத் துணியை. மூன்றாவது அறையில் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"தாங்க முடியாத குளிர்னு கடிதத்துல எழுதியிருந்தீங்களே?"

"சில நாள்ல" என்றாள் அம்மா.

அத்தை நெஞ்சிலிருந்து இருமினாள். தாக்ஸ்டரம்மா எங்கிருந்தோ ஒரு மருந்துப் புட்டியை எடுத்து, ஒரு பெரிய கரண்டி அவள் வாயில் ஊற்றினாள். அதோடு இருமல் நின்றது.

லம்லி கூரையைத் தட்டிப் பார்த்தார். மாடிப்படியை வருடிப் பார்த்தார். பிளம் கேக் நாலு துண்டு சாப்பிட்டார். பிறகு புது வீட்டு வரைபடத்தைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டார்.

"இப்படி ஒரு வீட்டை விட்டுட்டு அந்தத் தீப்பெட்டிக்கா போகணும்? நல்லா இன்னும் முப்பது வருஷம் நிக்கும்மா இது!"

பெண்கள் கைதட்டினார்கள். அப்பாவும் தட்டினார், அம்மா பார்த்ததும் நிறுத்தினார்.

நாலு மணிக்குள் அவரவர் கம்பளத்தையும் கரிக்கூடையையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். ஐந்து மணிக்குப் பேசினால் வாயிலிருந்து புகை வந்தது. அம்மா சமையலறையில் கம்பளிக் கையுறையோடு உருளைக்கிழங்கு சீவினாள்.

"இவங்களுக்கு யாரு சொன்னது?" என்றாள், கிழங்கைப் பார்த்தபடி.

அப்பா வேதாகமத்தின் மேல் கை வைக்கத் தயாரானார். அம்மா பார்வையை அத்தை பக்கம் திருப்பினாள். வழியில் போகிற வாத்தைக்கூட நிறுத்திப் பேசுகிறவள் அத்தை. "நான் இல்ல அண்ணி, சத்தியமா நான் இல்ல" என்று அவள் அழுதாள். அம்மா நம்பவில்லை. இரண்டு நாள் அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

என்னை யாரும் கேட்கவில்லை. தபால்தலை வாங்க அனுப்பினால்கூடக் காசைத் தபாலாபீஸ் மேசையில் வைத்துவிட்டு விரலால் காட்டுகிறவள் நான்.

அவர் வருவதற்கு முந்தின சனிக்கிழமையும் காசை வைத்தேன். ஆனால் விரலால் காட்டவில்லை. பின்னால் யாருமில்லை என்று பார்த்துக்கொண்டு, வீட்டிலிருந்து வழிநெடுக மனப்பாடம் செய்துகொண்டு போனதை ஒரே மூச்சில் சொன்னேன். வெளியாளிடம் அந்த வருஷம் நான் பேசிய மிக நீளமான வாக்கியம் அதுதான்:

"செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்குப் பேராயர் ஆபீஸ்லேர்ந்து வீடு பாக்க வர்றாங்க, மிஸஸ் தாக்ஸ்டர், அம்மா வெட்கப்பட்டுக்கிட்டு உங்ககிட்டல்லாம் உதவி கேக்க மாட்டாங்க."